வியாழக்கிழமைத் தேநீர்க் கூட்டத்தைத் துறையிடம் ஒப்படைக்கலாமா?

பந்தாய்வாசி (கேள்வி):

வணக்கம். கோலாலம்பூரில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழியல் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். வியாழக்கிழமை மாலைக் கருத்தரங்கு முடிந்ததும் எங்களில் எட்டுப் பத்துப் பேர் வளாகத்துக்கு வெளியே உள்ள ஒரு மாமாக் கடைக்கு (இந்திய முஸ்லிம்கள் நடத்தும் உணவுக்கடை) போய், இரண்டு மேசைகளை ஒன்றாக இழுத்துப் போட்டு உட்காருவது சில ஆண்டுகளாகவே வழக்கமாகிவிட்டது. இளங்கலை மாணவர்கள், முதுகலை மாணவர்கள், விரிவுரையாளர் இருவர், பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், அவ்வப்போது மொழியியல் படிக்கும் சீன நண்பர் ஒருவர் என்று கலவையான கூட்டம். தலைவர் இல்லை, தலைப்பு இல்லை; வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதும் இல்லை.

அங்கே என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். தோட்டப்புற வாய்மொழிப் பாடல்களை ஆராயும் முதுகலை மாணவி ஒருவர், தாம் திரட்டிய பாடல்களைத் தாலாட்டு, தெம்மாங்கு, ஒப்பாரி என்று வகைபிரித்து இயல் அமைத்திருந்தார். கருத்தரங்கில் அதை வாசித்தபோது எவரும் குறை சொல்லவில்லை. கடையில் அதே பேச்சு மறுபடி எழுந்தபோது, கித்தாத் (ரப்பர்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குவளையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, மேசையில் விரலால் தாளம் போட்டபடி ஓர் ஒப்பாரியைப் பாடினார். பிறகு அதே மெட்டில், தொழிலாளர்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்தனுப்பும் விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் கங்காணியைக் கேலி செய்து பாடிய வரிகளையும் பாடிக் காட்டினார். இழவு வீட்டு மெட்டுக்குக் கேலிப் பாட்டில் என்ன வேலை என்று தொடங்கிய பேச்சு, பாடல்களை வகையால் பிரிப்பதைவிட அவை பாடப்பட்ட வேளையாலும் இடத்தாலும் பிரிப்பது பொருந்தும் என்பதில் போய் நின்றது. அந்த மாணவி தம் இயலையே கலைத்து மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்போது துறையில் பொறுப்பில் உள்ள ஒருவர் இந்தச் செய்தியைக் கேள்விப்பட்டு, இதைத் துறையின் நிகழ்ச்சியாகவே நடத்தலாம் என்கிறார். குளிர்சாதன அறை கிடைக்கும், தேநீருக்கும் பலகாரத்துக்கும் பணம் ஒதுக்கப்படும், வரும் மாணவர்களுக்குப் புறப்பாட நடவடிக்கைக்கான (பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள பயிற்சிக்கான) மதிப்பெண் உண்டு. பதிலுக்கு வருகைப் பதிவேடு, முன்கூட்டியே அறிவித்த தலைப்பு, நிழற்படம், ஒரு பக்க அறிக்கை ஆகியவற்றைத் தர வேண்டும். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எங்களுக்குள்ளேயே கருத்து இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இப்படி மாற்றினால் எதை இழப்போம் என்று என்னால் தெளிவாக எடுத்துச் சொல்ல முடியவில்லை. இழப்பே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் கருத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முன்னாள் விரிவுரையாளர்:

தம்பிக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கு நன்னூலின் பொதுப்பாயிரத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதைச் செம்மையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது கால் பங்குப் புலமைதான் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கும், தான் பிறருக்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கும் சேரும் என்றும் பவணந்தியார் பிரித்து வைத்தார். முக்கால் பங்கு ஆசிரியரின் உரைக்கு வெளியே கிடக்கிறது. நம் பல்கலைக்கழகங்கள் முதற்காலுக்கு மட்டும் கால அட்டவணை போட்டுவிட்டு, மற்றது தானாக நடக்கும் என்று விட்டிருக்கின்றன.

நீங்கள் எதை இழப்பீர்கள் என்று கேட்டீர்கள். தவறாகப் பேசுவதற்கான உரிமையை இழப்பீர்கள். கருத்தரங்கில் ஒருவர் வாய் திறந்தால் அது அவருடைய நிலைப்பாடு ஆகிவிடுகிறது. அதை அவர் காக்க வேண்டியிருக்கிறது, மற்றவர் அதைத் தாக்கவோ பாராட்டவோ வேண்டியிருக்கிறது. பாதி வெந்த எண்ணத்தை அங்கே யாரும் பரிமாற மாட்டார்கள். கடையில் அப்படியில்லை. ‘இது சரியா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்’ என்று ஒருவர் தொடங்கலாம், அடுத்தவர் அதைத் திருப்பிப் போடலாம், பரோட்டா வருவதற்குள் சொன்னவரே அதைக் கைவிடலாம். பதிவேடும் நிழற்படமும் வந்த மறுவாரமே இந்த உரிமை போய்விடும். யாரும் பறிக்காமலேயே போய்விடும்.

தெரிந்த கதைதான், ஆனாலும் இங்கே சொல்ல வேண்டியது. 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) மாற்றலாகி வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை வீட்டில் போய்க் கண்டார். தாம் பாடம் கேட்ட அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். எதிரே இருந்தவர் அதில் மயங்காமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. அந்தக் கேள்வியின் உறுத்தல் 1887-இல் சிந்தாமணிப் பதிப்பாக வந்தது; 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் தொடர்ந்தன. சிந்தாமணியில் எழுந்த சமண சமய ஐயங்களை அவர் தீர்த்துக்கொண்டதும் அவ்வூர்ச் சமணர்களின் வீடுகளுக்கு நடந்துபோய்த்தான். இதே சந்திப்பு மேடையில் நடந்திருந்தால் முன்சீப் ஒரு பொன்னாடை போர்த்திவிட்டு, ஐயரின் புலமையை வியந்து நான்கு வார்த்தை பேசிவிட்டுப் போயிருப்பார். பொன்னாடைக்குப் பிறகு யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை என்பது நம் ஊர் வழக்கம்.

நம் நாட்டுச் சான்றும் உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்கு 1961-இல் பேராசிரியராக வந்த தனிநாயகம் அடிகள், 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26-ஆவது மாநாடு நடந்தபோது, அதற்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனியே அழைத்துக் கூட்டினார். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது அந்தக் கூட்டத்தில். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் இதே கோலாலம்பூரில் நடந்தது. அதைத் தேநீர்க் கடைப் பேச்சு என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனாலும் பெரிய மாநாடு கூடியவர்களை ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்தது. அடுத்து என்ன செய்வது என்ற முடிவு பக்கத்து அறையில் பிறந்தது.

என் யோசனை: தேநீர்ச் செலவைத் துறை ஏற்பதாக இருந்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டை மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள்.

கிள்ளான் ஆசிரியை:

ஐயா அவர்களின் பதிலை மதிப்போடு படித்தேன். ஆனால் அந்த மேசையில் இடம் கிடைத்தவர்களின் பார்வை அதில் இருக்கிறது. கிடைக்காதவர்களின் பார்வை இல்லை.

நான் பகலில் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டுப் பகுதிநேரமாக முதுகலை படித்தவள். மாலைக் கருத்தரங்குக்கு வருவதே பெரும்பாடு. அது முடிந்ததும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு கேடிஎம் புறநகர் ரயிலுக்கு ஓட வேண்டும். எங்கள் துறையிலும் இப்படி ஒரு கடைக் கூட்டம் இருந்தது. கருத்தரங்கு முடிந்து, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு சாலையைக் கடந்து போவதைப் பார்த்தபடி நான் எதிர்ப்பக்கம் நடப்பேன். அவர்கள் போய்ச் சிந்தாமணியைத்தான் பேசினார்கள் என்றால் எனக்கு வருத்தம் குறைவு. எந்த மாநாட்டுக்குக் கட்டுரை கேட்கிறார்கள், எந்தப் பேராசிரியரிடம் உதவி ஆய்வாளர் இடம் காலியாகிறது, எந்த நூலகத்தில் பழைய இதழ்த் தொகுதிகளைப் பார்க்க யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் கைமாறின. அறிவிப்புப் பலகைக்கு வரும்போது அந்தச் செய்திகள் ஆறிப்போயிருந்தன.

பெண்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆண் விரிவுரையாளர்களோடு கடையில் அமர்ந்திருப்பதை யாராவது பார்த்துவிட்டு வீட்டில் சொன்னால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும். இந்தக் காலத்திலுமா என்று கேட்பவர்கள் தங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

தவறாகப் பேசும் உரிமை உயர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த உரிமை யாருக்குக் கிடைக்கிறது என்பதே என் கேள்வி. பட்டணத்தில் விடுதியில் தங்கி, கையில் பத்து வெள்ளியோடு (ரிங்கிட்) இரவு பதினொரு மணி வரை உட்கார முடிந்தவருக்கு அது கிடைக்கிறது. துறை நடத்தும் கூட்டம் என்றால் அதற்கு நேரம் அறிவிக்க வேண்டும், எல்லா மாணவருக்கும் சொல்ல வேண்டும், யாரையும் விட்டுவிட முடியாது. அறிக்கையும் நிழற்படமும் எரிச்சலூட்டும்தான். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொண்டால் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும் என்றால், நான் பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தயார்.

பினாங்குக் கணிதன்:

நான் தமிழ்த்துறையைச் சேர்ந்தவன் அல்லன். பினாங்கில் கணித ஆய்வு செய்கிறேன். எங்கள் துறையின் வரலாற்றில் இந்தச் சிக்கலுக்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சி இருப்பதால் எழுதுகிறேன்.

1930-களில், அப்போது போலந்திலும் இன்று உக்ரைனிலும் உள்ள லிவீவ் நகரில், ஸ்காட்டிஷ் காப்பிக் கடை என்ற ஒரு கடை இருந்தது. ஸ்தெஃபான் பனாக், ஸ்தனிஸ்லாவ் மசூர், இளைஞரான ஸ்தனிஸ்லாவ் உலாம் முதலிய கணித அறிஞர்கள் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்து, பளிங்கு மேசையின் மேலேயே பென்சிலால் கணக்கு எழுதிப் பேசுவார்கள். இரவு கடை மூடும்போது மேசையைத் துடைத்தால் அன்றைய சிந்தனையும் போய்விடும். இதைப் பார்த்த பனாக்கின் மனைவி ஒரு தடித்த குறிப்பேட்டை வாங்கிக் கொடுத்தார். 1935 முதல் அந்தக் குறிப்பேடு கடையிலேயே இருந்தது. கணிதர் யாரேனும் வந்து கேட்டால் பணியாளர் எடுத்துக் கொடுப்பார், முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பார். அதில் 190-க்கும் மேற்பட்ட வினாக்கள் எழுதப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அதைக் கேட்டவரின் பெயர் உண்டு. சிலவற்றுக்குப் பரிசும் உண்டு. 1936-இல் மசூர் எழுதிய ஒரு வினாவுக்கு உயிருள்ள வாத்து ஒன்று பரிசு என்று குறித்திருந்தார். 1972-இல் ஸ்வீடனைச் சேர்ந்த பெர் என்ஃப்லோ அதற்கு விடை கண்டார். வார்சாவில் மசூரே வாத்தை அவர் கையில் கொடுத்தார்.

அந்தக் குறிப்பேட்டில் எழுதியவை எவை, எழுதாதவை எவை என்று பார்த்தால் இங்கே நடக்கும் விவாதத்துக்கு வழி தெரியும். யார் வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், என்ன முடிவு எடுக்கப்பட்டது என்பவை அதில் பெரும்பாலும் கிடையா. வினாவும், வினாவின் உரிமையாளர் பெயரும், பின்னால் வந்த விடையும்தான் அதில் இருந்தன. அன்றிரவு வராதவரும் மறுநாள் பகலில் வந்து புரட்டிப் பார்த்து, தம் பங்கை எழுதிவிட்டுப் போகலாம். கிள்ளான் ஆசிரியை சொன்ன குறையில் ஒரு பகுதியை அது தீர்க்கும். யார் முதலில் சொன்னது என்ற தகராறும் எழாது. தேநீர் மேசையில் ஒரு மாணவர் சொன்ன கருத்து ஆறு மாதம் கழித்து வேறொருவரின் கட்டுரையில் பெயரில்லாமல் வந்து நிற்பதை எல்லாத் துறைகளிலும் பார்க்கிறோம்.

கூகல் மீட்டில் கூடினால் தூரச் சிக்கல் தீருமே என்று யாராவது கேட்பார்கள். கொரோனாவின்போது வந்த நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் நாங்களும் அப்படிக் கூடினோம். 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, ஐந்து நாடுகளில் ஒரு நிறுவனத்தின் பொறியாளர்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, சிலரை நேரிலும் சிலரைக் காணொலியிலும் யோசிக்க வைத்தது. காணொலியில் பேசியவர்களிடம் புதிய எண்ணங்கள் குறைவாகப் பிறந்தன; ஆனால் பிறந்த எண்ணங்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆகவே இயல் திருத்தம், கட்டுரைத் தேர்வு போன்றவற்றைக் காணொலிக்குத் தள்ளிவிடலாம். இழவு மெட்டு கேலிப் பாட்டுக்கு வந்தது எப்படி என்ற வகைப் பேச்சுக்கு ஆள் எதிரே உட்கார வேண்டும்.

அறையைப் பற்றி ஒரு சொல். தாமஸ் ஆலன் என்பவர் 1970-களில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தபோது, இரண்டு பேரின் மேசைகளுக்கு இடையே தூரம் கூடக் கூட அவர்கள் பேசிக்கொள்வது மிக விரைவாகக் குறைந்தது. சில பத்து மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய நின்றே போனது. துறை தர விரும்பும் அறை நான்காவது மாடியின் கடைக்கோடியில் இருக்குமானால், குளிர்சாதனம் இருந்தும் பயனில்லை.

இரண்டாமாண்டு:

நான் இளங்கலை மாணவன். மூத்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு சிறு குறிப்பு. கடையிலும் எல்லோரும் சமம் என்பது முழு உண்மை அன்று. எங்கள் பாடத்துக்கு மதிப்பெண் போடும் விரிவுரையாளர் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் மைலோவை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டுவதோடு சரி. அவர் அரை மணி நேரம் தாமதமாக வரும் நாள்களில்தான் நாங்கள் வாய் திறக்கிறோம். தொடங்கிவிட்டால் அவர் வந்த பிறகும் பேச்சு நிற்பதில்லை. இதை அறிந்தே வேண்டுமென்று தாமதமாக வரும் ஒரு விரிவுரையாளர் எங்களிடம் இருக்கிறார் என்று நினைக்கிறேன். மதிப்பெண் கொடுத்தால் கூட்டம் நிரம்பும் என்பதும் உண்மைதான், மதிப்பெண்ணுக்கு வந்தவர்களால் நிரம்பும்.

முன்னாள் விரிவுரையாளர்:

கிள்ளான் ஆசிரியைக்கு: உதவி ஆய்வாளர் இடம், மாநாட்டு அழைப்பு போன்ற செய்திகள் தேநீர்க் கடையில் மட்டும் உலவுவது துறையின் குறை. அவற்றை எல்லா மாணவருக்கும் ஒரே நாளில் மின்னஞ்சலில் அனுப்புவது துறையின் கடமை. அதை அவர்கள் செய்யட்டும். அதற்காகக் கூட்டத்தையே அலுவலகத்தின் கையில் கொடுத்தால், செய்தியும் நேரத்துக்கு வராது, பேச்சும் இருக்காது. நேரத்தையும் இடத்தையும் பற்றி நீங்கள் சொன்னதற்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. இரவுக் கூட்டம் வசதியானவர்களின் கூட்டம்தான்.

பதிவேட்டை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குத் தலைமுறைக் காரணமும் உண்டு. 1971-இல் வந்த பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமும், 1975-இல் அதற்கு வந்த கடுமையான திருத்தமும் நடைமுறையில் இருந்த காலத்தில் படித்தவன் நான். மாணவர்கள் கூடினாலே யார் அனுமதி கொடுத்தார், யார் யார் இருந்தார்கள் என்ற கேள்வி முதலில் வரும். அரசியலே பேசாத இலக்கிய வட்டங்களும் அந்த அச்சத்தில் வாயடைத்துப் போயின. இன்று சட்டம் தளர்ந்திருக்கிறது; பெயர்ப்பட்டியலைக் கண்டால் என் பேனா இன்னும் தயங்குகிறது.

பந்தாய்வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று நண்பர்களோடு இந்தப் பதில்களை வைத்துப் பேசினோம். துறைக்கு எழுதப்போவது இதுதான்: எங்கள் கூட்டம் நிகழ்ச்சிப் பட்டியலில் வேண்டாம், புறப்பாட மதிப்பெண்ணும் வேண்டாம், ஆனால் தரைத்தளத்தில், நூலகத்துக்குப் போகும் வழியில், பூட்டிக்கிடக்கும் சிறிய அறையைப் பகலில் திறந்து வைத்தால் உதவியாக இருக்கும். மாநாட்டு அழைப்புகளைப் பொது மின்னஞ்சலில் அனுப்பும் கோரிக்கையையும் அதே கடிதத்தில் சேர்க்கிறோம். பொறுப்பில் உள்ளவர் மனவருத்தப்படலாம். அறிக்கை எழுத ஒன்று வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒருமுறை குறிப்பேட்டிலிருந்து பத்து வினாக்களைத் தொகுத்துத் தருவதாகச் சொல்லிப் பார்க்கிறோம்.

குறிப்பேடு வாங்கியாயிற்று. முதல் பக்கத்தில் அந்த ஒப்பாரி மெட்டு பற்றிய வினா, ஓய்வுபெற்ற ஆசிரியரின் பெயரில் இருக்கிறது. ஆய்வேட்டில் அவரைத் தகவலாளர் பட்டியலில் சேர்ப்பதா, அல்லது கருத்துக்கு உரியவராக அடிக்குறிப்பில் காட்டுவதா என்று மாணவிக்கும் நெறியாளருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. என்னைக் கேட்டால் இரண்டிலும் காட்ட வேண்டும். பாட்டைக் கொடுத்தவரும் அவர், வகைப்பாட்டை அசைத்தவரும் அவர்.

வியாழக்கிழமைக் கடைக் கூட்டம் இருந்தபடியே இருக்கும். கூடுதலாக மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பத்தரைக்கு, பிள்ளைகளையும் அழைத்து வரும்படியான ஓர் இடத்தில் கூட எண்ணியிருக்கிறோம். பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் இடம் தேடுகிறோம்.

கிள்ளான் ஆசிரியை:

சனிக்கிழமை என்றால் வருகிறேன். ஆனால் சில சனிக்கிழமைகளில் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை இருக்கும். பள்ளித் தவணை அட்டவணையைப் பார்த்துத் தேதி குறிக்க முடியுமா?